மின்கலம் இல்லாக் கருவிகளும் அவற்றின் முடிவும்

மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

முன்னுரை

‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்பது நம் நாட்டுப் பழமொழி. கீழக்கரை வள்ளல் சீதக்காதி அடக்கம் செய்யப்பட்ட பின்னரும், நாடி வந்த புலவருக்கு அவர் கைவிரல் மோதிரம் கிடைத்தது என்பது செவிவழிக் கதை. வள்ளல் கொடுத்தது பொன். இந்நாளில் நாம் வேண்டாமென்று ஒதுக்கிய பின்னரும் கேட்டவர்க்கெல்லாம் கொடுத்துக் கொண்டிருக்கும் சிறு கருவிகள் சில உள்ளன. அவை கொடுப்பதோ நம்மைப் பற்றிய செய்தி. மின்கலமே இல்லாமல் வானொலி அலையால் இயங்கும் இக்கருவிகளுக்கு முறையாக முடிவு காண்பது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சித்தப்பா விற்ற வேன்

சென்ற ஆண்டு என் சித்தப்பா தம்முடைய பழைய சரக்கு வேனை விற்றார். வாங்கியவர் பக்கத்து ஊர்க் காய்கறி வியாபாரி. பணம் கைமாறியது, கையெழுத்தும் ஆயிற்று. முன்புறக் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஃபாஸ்டேக் வில்லையை மட்டும் இருவருமே மறந்துவிட்டனர்.

நான்காம் நாள் விடியற்காலையில் சித்தப்பாவின் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. இன்ன சுங்கச்சாவடியில், இன்ன மணிக்கு, இவ்வளவு கட்டணம் பிடிக்கப்பட்டது என்றது அது. அதன் பிறகும் அவ்வாறே வந்தது. “டேய், வண்டிய வித்தாச்சு. ஆனா அது எங்க போகுது, எப்ப வருதுன்னு எனக்குல்ல சேதி வருது!” என்று அவர் சிரித்தார். தொகை சிறிது என்பதால் ஒரு மாதம் வரை அதனைப் பெரிதாக எண்ணவில்லை.

விடுமுறைக்கு ஊருக்குச் சென்ற நான் அச்செய்திகளை வரிசையாகப் படித்துப் பார்த்தேன். செவ்வாய், வெள்ளி இரவுகளில் இரண்டு மணி அளவில் வேன் சாவடியைக் கடக்கிறது. மறுநாள் பகல் பதினொரு மணிக்குத் திரும்புகிறது. அதாவது வாரத்தில் எந்தெந்த இரவுகளில் அந்த வியாபாரி வீட்டில் இருப்பதில்லை என்பது, அவர் அறியாமலேயே எங்களுக்குத் தெரிந்திருந்தது. சித்தப்பா அவருக்குத் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னார். வண்டியோடு சேர்ந்து வந்தது என்றே அவர் எண்ணியிருந்தாராம். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, “அப்ப, நான் எந்த ராத்திரி வீட்டுல இல்லன்னு இத்தன நாளா உங்களுக்குத் தெரியுமாண்ணே?” என்று கேட்டார். சித்தப்பாவால் பதில் சொல்ல இயலவில்லை. அந்தக் கேள்விதான் என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது.

மாஸ்கோச் சுவரில் ஒரு மரச்சிற்பம்

இவ்வகைக் கருவிகள் இன்று நேற்றுத் தோன்றியவை அல்ல. 1945-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் சோவியத் நாட்டுச் சிறுவர்கள் மாஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதர் ஆவரெல் ஹாரிமனுக்கு ஒரு பரிசு அளித்தனர். அமெரிக்க அரசின் முத்திரையை மரத்தில் செதுக்கிய அழகிய சிற்பம் அது. தூதர் மாளிகைச் சுவரில் அதனைப் பெருமையுடன் மாட்டினார்கள். சிற்பத்தின் உள்ளே ஓர் ஒட்டுக்கேட்கும் கருவி இருந்தது. அதனை ஆக்கியவர் தெரமின் என்னும் இசைக்கருவியைக் கண்டுபிடித்த லியோன் தெரமின்.

அக்கருவியில் மின்கலம் இல்லை. மின்கம்பி இணைப்பும் இல்லை. வெளியிலிருந்து வானொலி அலையைப் பாய்ச்சினால் அது விழித்துக்கொள்ளும். அறையில் பேசும் குரலுக்கேற்ப அதன் மெல்லிய சவ்வு அதிரும். அந்த அதிர்வு, திரும்பி வரும் அலையில் பதிந்து வெளியே செல்லும். அலை பாய்ச்சாத நேரத்தில் அது வெறும் மரமும் உலோகமுமே. 1952-இல்தான் அது கண்டுபிடிக்கப்பட்டது. 1960-இல் ஐக்கிய நாடுகள் அவையில் அமெரிக்கா அதனை உலகுக்குக் காட்டியது.

ஏழு ஆண்டுகள்! மின்கலம் வைத்த கருவியாக இருந்திருந்தால் அது சில நாட்களிலேயே ஓய்ந்திருக்கும். மின்கலம் இல்லாமையே அதற்கு நீண்ட ஆயுளைத் தந்தது. இந்த உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

இயங்கும் விதம்

இன்று நம் கையில் உள்ள மின்கலமில்லாக் கருவிகளைப் பெரும்பாலும் இரு வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, நுழைவு அட்டை, பயண அட்டை போன்றவை. இவற்றுள் பல 13.56 மெகா ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்குகின்றன. அட்டைக்குள் சில சுற்றுக் கம்பிச்சுருளும், அதனோடு இணைந்த ஒரு சில்லும் உண்டு. நாம் முதலாண்டில் படித்த மின்மாற்றித் தத்துவமே இங்கும் செயற்படுகிறது. படிக்கும் கருவியிலுள்ள சுருள் முதன்மைச் சுற்று. அட்டையிலுள்ள சுருள் துணைச் சுற்று. அருகில் கொண்டுசென்றதும் மின்தூண்டலால் சில்லுக்கு மின்சாரம் கிடைக்கிறது. அது விழித்துத் தன் எண்ணைச் சொல்கிறது.

இரண்டாம் வகை, சில மீட்டர் தொலைவிலிருந்தே படிக்கத்தக்கவை. 2021 பிப்ரவரியில் நம் நாட்டுத் தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில் கட்டாயமாக்கப்பட்ட ஃபாஸ்டேக் இவ்வகையைச் சேர்ந்தது. இவற்றுக்கு இந்தியாவில் 865 மெகா ஹெர்ட்ஸை ஒட்டிய அலைகள் பயன்படுகின்றன. அலைநீளம் ஏறத்தாழ 35 செ.மீ. சிறு வயதில் கண்ணாடித் துண்டை வெயிலில் காட்டி, எதிர்வீட்டுச் சுவரில் ஒளி பாய்ச்சி விளையாடியிருப்போம். கண்ணாடி ஒளியை உண்டாக்குவதில்லை. கதிரவனின் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. கையால் மூடியும் திறந்தும் காட்டினால் அதைக்கொண்டே சைகை செய்யலாம். இந்த வில்லையும் அவ்வாறே தன் மேல் விழும் அலையை மாற்றி மாற்றித் திருப்பி அனுப்பிப் பேசுகிறது. திருப்பிய திறனால் செய்தி அனுப்பும் இம்முறையைப் பற்றி ஹாரி ஸ்டாக்மன் 1948-லேயே ஆய்வுக் கட்டுரை எழுதினார்.

இத்தகைய சில்லு விழிக்க 10 மைக்ரோ வாட் அளவுத் திறனே போதும். நம் அறையில் எரியும் 10 வாட் விளக்கோடு ஒப்பிட்டால் இது பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. வெப்பநிலை, ஈரப்பதம் முதலியவற்றை அளந்து சொல்லும் உணர்விகளும் இம்முறையில் வந்துவிட்டன. ‘பொருள்களின் இணையம்’ என்னும் தொடரை 1999-இல் கெவின் ஆஷ்டன் வழங்கியபோது அவர் மனத்தில் இருந்தவையும் இத்தகைய வில்லைகளே.

ஏன் தாமாகச் சாவதில்லை?

சுவர்க் கடிகாரத்தின் மின்கலம் தீர்ந்தால் கடிகாரம் நின்றுவிடுகிறது. மின்கலமில்லா வில்லைக்கு அந்த இயற்கைச் சாவு இல்லை. அதற்குரிய காரணங்களைத் தொகுத்துக் காண்போம்.

ஒன்று, அதன் உயிர் அதனிடம் இல்லை, படிப்பவரிடம் இருக்கிறது. யார் அலை பாய்ச்சினாலும், அவர் உரியவரா அயலாரா என்று பாராமல் எளிய வில்லைகள் விழித்துக்கொள்கின்றன.

இரண்டு, அதற்குக் காலம் தெரியாது. இரு விழிப்புகளுக்கு இடையே ஒரு நாள் சென்றதா, பத்தாண்டு சென்றதா என்பதை அறிய அதனுள் ஓடும் கடிகாரம் இல்லை. ஆகவே, ‘இந்தத் தேதிக்குப் பின் பேசாதே’ என்று அதற்குக் கட்டளையிட்டு வைக்க முடியாது.

மூன்று, அதன் நினைவு நெடுநாள் நிற்பது. மின்காப்புப் பொருளால் சூழப்பட்ட நுண்ணிய மின்வாயில் எலெக்ட்ரான்களைச் சிறைவைத்தே இத்தகைய சில்லு எண்களை நினைவில் வைக்கிறது. மின்சாரம் நின்றாலும் அவை வெளியேறுவதில்லை. சில்லின் வகைக்கேற்ப 10 ஆண்டு முதல் 50 ஆண்டு வரை நினைவு நிற்கும் எனத் தயாரிப்பாளர்கள் கூறுவர்.

நான்கு, படிப்பதைவிட அழிப்பது கடினம். நினைவகத்தில் எழுதுவதற்கும் அழிப்பதற்கும் படிப்பதைவிடக் கூடுதல் திறன் வேண்டும். ஆகவே தொலைவிலிருந்து படிக்க முடிகிற வில்லையை அருகில் சென்றால்தான் அழிக்க முடியும். அழிக்கும்போது வில்லை சற்று விலகினாலும் வேலை பாதியில் நின்றுவிடலாம்.

மூன்று இடங்களில் முடிவு

ஆயின் இதற்கு வழி என்ன? ஒரு மின்கலமில்லாக் கருவி மூன்று இடங்களில் வாழ்கிறது: பதிவேட்டில், தன் நினைவகத்தில், தன் உடலில். மூன்று இடங்களிலும் முடித்தால்தான் அது முடிந்ததாகும். அவ்வரிசையில் செய்வதே நன்று.

பதிவேடு: சித்தப்பாவின் கதையில் வில்லை சொன்னது ஓர் எண்ணை மட்டுமே. அந்த எண்ணைச் சித்தப்பாவின் பெயரோடும், கணக்கோடும், கைப்பேசியோடும் முடிச்சுப் போட்டது எங்கோ இருந்த பதிவேடு. வில்லையைக் கண்ணாடியிலிருந்து சுரண்டி எடுப்பது மட்டும் போதாது. வழங்கியவரிடம் சொல்லிக் கணக்கை மூட வேண்டும். நாங்கள் அவ்வாறே முதலில் கணக்கை மூடினோம். பிறகே வியாபாரி பிளேடால் வில்லையை எடுத்தார்.

வேறு வகைக் கருவியிலும் இதே நிலைதான். ஜெர்மனியில் 2001-இல் தொடங்கப்பட்ட எனோஷன் நிறுவனத்தின் மின்கலமில்லா விளக்குச் சுவிட்ச், விரலால் அழுத்தும் ஆற்றலையே மின்சாரமாக்கித் தன் எண்ணை அலையில் அனுப்புகிறது. விளக்கின் பக்கமுள்ள வாங்கி அந்த எண்ணை முன்பே கற்று வைத்திருக்கும். சுவிட்சைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு வாங்கியிலிருந்து எண்ணை நீக்காவிட்டால், அதைப் பொறுக்கி எடுத்த சிறுவன் எல்லைக்குள் நின்று அழுத்தினாலும் நம் வீட்டு விளக்கு எரியும், அணையும்.

நினைவகம்: ‘அழித்துவிட்டோம்’ என்று சொல்வது எளிது. எதை அழித்தோம் என்பதே கேள்வி. ஜெர்மனியின் ரைன்பெர்க் நகரில் 2003-இல் ஒரு பெரிய வணிக நிறுவனம் ‘எதிர்காலக் கடை’ ஒன்றைத் திறந்தது. சரக்குகளில் ஒட்டிய வில்லைகளைச் செயலிழக்கச் செய்ய வாயிலருகே ஒரு பொறியும் வைத்தது. அப்பொறி மாற்றி எழுதத்தக்க பகுதியை மட்டும் பூஜ்யமாக்கியது; சில்லுக்கே உரிய தனி எண் அப்படியே நின்றது என்பதை 2004-இல் தனியுரிமை ஆர்வலர்கள் வெளிப்படுத்தினர். பெயரை அழித்துவிட்டு முகத்தை விட்டுவைத்த கதைதான் இது.

நெடுந்தொலைவு வில்லைகளுக்கு 2004-இல் வகுக்கப்பட்ட தரத்தில் ‘கொல்’ என்றே ஒரு கட்டளை உண்டு. உரிய கடவுச்சொல்லோடு அதனை அனுப்பினால் வில்லை அதன்பின் எந்த அழைப்புக்கும் மறுமொழி கூறாது. கடவுச்சொல் 32 இருநிலை இலக்கம் கொண்டது; ஏறத்தாழ 429 கோடி வாய்ப்புகள். ஆனால் இங்கே ஒரு சிக்கல். கடவுச்சொல் பூஜ்யமாகவே விடப்பட்டிருந்தால் அந்த வில்லையைக் கொல்ல இயலாது. எல்லா வில்லைக்கும் ஒரே சொல்லை வைத்தால், அது கசிந்த அன்று பகைவன் ஒருவன் கிடங்கிலுள்ள எல்லாவற்றையும் ஊமையாக்கிவிடலாம். ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் வைத்தால், பத்தாண்டு கழித்து அதைத் தேடி எடுக்க ஒழுங்கான பதிவேடு வேண்டும். சாவுக்கான திறவுகோலைப் பிறந்த நாளிலேயே பத்திரப்படுத்த வேண்டியிருக்கிறது.

உடல்: இனி, நான் கையால் செய்து பார்த்ததைக் கூறுகிறேன். என் அறைத்தோழன் இரண்டாண்டுக்கு முன் விடுமுறையில் ஒரு தொழிற்கூடத்தில் வேலை பார்த்தான். நின்றபோது நுழைவு அட்டையை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. அது அவன் பெட்டியிலேயே கிடந்தது. என் கைப்பேசியை அதனருகே கொண்டுசென்றேன். நொடியில் அட்டையின் எண் திரையில் வந்தது. இரண்டாண்டுத் தூக்கத்தின் சோர்வே அதற்கு இல்லை! அந்த எண் தொழிற்கூடப் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டதா, இன்னும் அந்தக் கதவைத் திறக்குமா என்பதை அட்டையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஆகவே தோழன் முதலில் அங்கே பேசி எண்ணை நீக்கச் சொன்னான். அதன் பிறகே சோதனையைத் தொடங்கினோம்.

அட்டையின் பின்னால் டார்ச் விளக்கைப் பிடித்தபோது சுருளின் நிழல் விளிம்பையொட்டித் தெரிந்தது. கத்தரிக்கோலால் விளிம்பில் ஒரு வெட்டு வெட்டினோம். கைப்பேசி பேசவில்லை. வெற்றி என்று பேராசிரியரிடம் ஓடினேன். அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வாயைத்தான் கட்டியிருக்கிறாய், தம்பி. மூளை அப்படியே இருக்கிறதே!” என்றார்.

அவர் சொன்னதைச் சரிபார்க்க வேதியியல் துறையில் சிறிது அசிட்டோன் பெற்று, அட்டைத் துண்டை ஆய்வகத்தில் ஓர் இரவு ஊறவைத்தோம். பிளாஸ்டிக் இளகிச் சில்லு தனியே வந்தது. புதிய செப்புக் கம்பியைச் சில சுற்றுச் சுற்றி, பேராசிரியர் மேற்பார்வையில் அதன் இரு முனைகளிலும் பற்றவைத்தோம். முதல் இரு சுருள்கள் பலிக்கவில்லை. மூன்றாவதில், கைப்பேசித் திரையில் அதே பழைய எண் வந்து நின்றது. எனக்கு மெய் சிலிர்த்தது. கடைசியாகச் சில்லைத் துணியில் சுற்றிச் சுத்தியலால் நொறுக்கினோம். அதன்பின் அது பேசவில்லை.

சுருளை வெட்டும் முறை பயனற்றது என்று கொள்ளலாகாது. 2005-இல் ஐ.பி.எம். ஆய்வாளர்கள் வாங்குபவரே அலைவாங்கியின் பெரும்பகுதியைக் கிழித்தெறியத்தக்க வில்லையை முன்மொழிந்தனர். கிழித்தால் தொலைவிலிருந்து படிக்க முடியாது. மிக அருகில் வைத்தால் படிக்கலாம். கிழித்தது கண்ணுக்குத் தெரியும் என்பதே அதன் சிறப்பு. பிறர் போகிற போக்கில் படிப்பதைத் தடுக்க அது போதும். உள்ளே மறைபொருள் இருப்பின் சில்லையே நொறுக்க வேண்டும்.

ஒன்றை எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். அட்டையை எரிப்பது தவறு, பி.வி.சி. பிளாஸ்டிக் எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு என்னும் நச்சுவாயு எழும். நுண்ணலை அடுப்பில் இட்டால் தீப்பற்றும். மின்கலம் இல்லாததால் இவற்றைக் குப்பை என்றே எவரும் எண்ணுவதில்லை. காகிதத்தோடு காகிதமாகப் போட்டுவிடுகிறோம். நொறுக்கிய பின் மின்னணுக் கழிவுகளைச் சேர்ப்பவரிடமே கொடுக்க வேண்டும்.

எட்டாத இடத்தில் இருப்பவை

கான்கிரீட்டுக்குள் புதைத்த உணர்வியையும், ஊர் ஊராகச் சென்றுவிட்ட ஆயிரம் பெட்டிகளின் வில்லைகளையும் சுத்தியலோடு தேடிப் போக இயலுமா? இயலாது. அவற்றுக்கும் ஒரு வழி உண்டு. தொடக்கத்திலேயே செய்தியை மறைகுறியாக்கி வில்லையில் எழுதி, அதனைத் திறக்கும் திறவுகோலை நம்மிடம் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். ஓய்வு கொடுக்கும் நாளில் அத்திறவுகோலை எல்லாப் படிகளோடும் அழித்துவிட்டால் போதும். வில்லை பின்னும் பேசும். ஆனால் அதன் பேச்சு எவர்க்கும் பொருள்படாது. தரவுச் சாதனங்களைத் துடைத்தல், மீட்க இயலாதவாறு ஆழத் துடைத்தல், அழித்தல் என்னும் மூன்று நிலைகளை வகுத்த அமெரிக்கத் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம், தன் 2014-ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பில் திறவுகோலை அழிக்கும் முறையையும் ஏற்றுள்ளது.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. செய்தி மறைந்தாலும், சில்லின் தனி எண் மாறாமல் ஒலித்துக்கொண்டே இருந்தால் ‘இங்கே சென்றது, அங்கே வந்தது’ என்று தொடர இயலும். ஆகவேதான் பதிவேட்டில் அந்த எண்ணுக்கும் மனிதருக்கும் உள்ள முடிச்சை முதலில் அவிழ்க்க வேண்டும் என்றேன்.

முடிவுரை

நண்பர்களே! இதுகாறும் கூறியவற்றால் அறியத்தக்கது ஒன்றே. மின்கலம் உள்ள கருவி நாம் மறந்தாலும் ஒருநாள் ஓயும். மின்கலம் இல்லாத கருவிக்கு நாம் ஓய்வு கொடுத்தால்தான் உண்டு. அந்த ஓய்வைக் கடைசி நாளில் தேடினால் கிடைக்காது. கையில் வாங்கும் நாளிலேயே, ‘இதனை யார் தந்தார்? எந்தக் கணக்கோடு சேர்ந்தது? யாரிடம் சொல்லி முடிக்க வேண்டும்?’ என்னும் மூன்றையும் குறித்து வைப்பதே முதற்படி. வண்டி விற்கும்போதும், வேலையை விடும்போதும், கல்லூரியை விட்டுச் செல்லும்போதும் இதனை நினைவில் கொள்வோம்.

சித்தப்பா இப்போது நாற்பது பக்க நோட்டு ஒன்று போட்டிருக்கிறார். பால் கணக்கு எழுதும் அலமாரியில் அதுவும் இருக்கிறது. வீட்டுக்கு வந்த ஒவ்வோர் அட்டைக்கும் வில்லைக்கும் அதில் ஒரு வரி உண்டு. முதல் வரி, அந்த வேனின் ஃபாஸ்டேக். அதன்மேல் சிவப்பு மையால் ஒரு கோடு கிழித்து, மூடிய தேதியையும் எழுதி வைத்திருக்கிறார்.